இங்கேயா, பார்சலா?

சோறு பற்றிய வரலாற்றை நம் ஆட்கள் கொஞ்சம் எழுதியிருக்கிறார்கள். மாட்டுக்கறி, பஞ்ச காலத்துக் கஞ்சி, களத்துமேட்டில் கூலியாக அளந்து போட்ட நெல், வீட்டுக்கு வீடு எடுத்த ராச்சோறு என்று பல கட்டுரைகளும் தன்வரலாறுகளும் வந்துவிட்டன. யார் எதைத் தின்றார்கள், யாருக்கு எது மறுக்கப்பட்டது என்பதெல்லாம் ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. பேசாமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. கேட்டு வாங்குவது. கையில் காசு வைத்துக்கொண்டு ஒரு கடையின் முன்னால் நின்று "எனக்கு இது வேணும், இப்படி வேணும், இது மட்டும் வேணாம்" என்று சொல்வது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவனுக்கும், இப்படித்தான் வேணும் என்று சொல்லி வாங்குகிறவனுக்கும் நடுவில் பெரிய வரலாறு கிடக்கிறது. அந்த வரலாற்றில் பாதி நம் ஊர் டீக்கடையில் இருக்கிறது. மீதிப் பாதி அமெரிக்காவின் தென்மாநிலங்களில், கறுப்பின மக்கள் நின்ற பக்கவாட்டு ஜன்னல்களில் இருக்கிறது.

இரண்டாவது பாதியை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கல்லாவில் நின்று தெரிந்துகொண்டேன். வட கரோலினா மாநிலத்தில் 2011 முதல் 2013 வரை முதுகலை படித்தேன். மாணவ விசாவில் போனவர்கள் தனி அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முடியாது. வளாகத்துக்குள்ளும் வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். எனக்குக் கிடைத்தது வளாகத்துக்குள் இருந்த ஒரு பர்கர் கடையில் ஆர்டர் எடுத்துக் காசு வாங்குகிற வேலை. சொல்லிக்கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண். அவர் என்னை "ஹனி" என்பார், நான் மனசுக்குள் அவரை அக்கா என்று வைத்துக்கொண்டேன். ஆர்டர் எடுப்பதை அஞ்சு படியாக அவர் பிரித்துச் சொன்னார். வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடு. இங்கேயே சாப்பிடுகிறாரா, பார்சலா என்று கேள். என்ன வேணும், எப்படி வேணும் என்று கேட்டு அழுத்து. பேரைக் கேட்டுப் பதிவு பண்ணு. எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிட்டுக் காசு வாங்கு. இந்த அஞ்சு படியும் யாரோ அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கியவை என்று போகப் போகத்தான் தெரிந்தது. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லப் பார்க்கிறேன்.

வரிசை

"அடுத்தது யாரு?" என்று கூப்பிடுவது சாதாரண விஷயம் போலத் தெரியும். தென்மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் அது சாதாரணமில்லை. கறுப்பினத்தவர் எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும், பின்னால் ஒரு வெள்ளையர் வந்துவிட்டால் அவருக்குத்தான் முதலில். சட்டத்தில் எழுதாத வழக்கம் இது, எழுதாததாலேயே கெட்டியாக இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா தன் அம்மாவோடு துணிக்கடையில் நின்ற நாட்களைச் சொன்னார். எனக்குப் புதுசாக எதுவும் இல்லை. எங்கள் ஆயா மளிகைக் கடைக்குப் போனால் ஊர்க்காரர்கள் எல்லாரும் வாங்கி முடிக்கிறவரை வேப்பமரத்தடியில்தான் நிற்பாள். காசைக் கல்லில் வைப்பாள். கடைக்காரர் தண்ணி தெளித்து எடுத்துக்கொள்வார்.

துரித உணவுக் கடைகள் வரிசையைக் கொண்டுவந்தது சமத்துவத்துக்காக இல்லை, வேகத்துக்காக. 1921ல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் வொயிட் காசில் கடை தொடங்கியது. ஒரு பர்கர் 5 சென்ட், எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே ருசி. 1948ல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை மூடி, மாற்றித் திறந்தார்கள். அதுவரை கார் கதவுக்கே வந்து ஆர்டர் வாங்கிய பெண்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். பீங்கான் தட்டு போய்க் காகிதம் வந்தது. மெனுவை 9 பொருளாகச் சுருக்கினார்கள். பர்கர் 15 சென்ட். யாராக இருந்தாலும் காரை விட்டு இறங்கி ஜன்னலுக்கு வந்து நிற்க வேண்டும்.

எல்லாரும் ஒரே ஜன்னலில் நிற்க வேண்டும் என்பதைக் கேட்கும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் இயந்திரம் மனிதரைச் சமமாக்கிவிடும் என்று நம்பினவர்கள் விச்சிட்டாவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 5 சென்ட் பர்கர் பிறந்த அதே ஊரில், 37 வருஷம் கழித்து, 1958 ஜூலையில் கறுப்பின இளைஞர்கள் டாக்கம் என்ற மருந்துக்கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். ரான் வால்டர்ஸ், கரோல் பார்க்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் முன்நின்றார்கள். பரிமாற மாட்டோம் என்றார்கள். இவர்கள் எழுந்திருக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இப்படி நடந்த பிறகு, நஷ்டம் தாங்காமல் கடைக்காரர் இறங்கிவந்தார். வியாபாரம் தன்னால் நிறத்தை மறந்துவிடவில்லை. உட்கார்ந்து மறக்க வைத்தார்கள்.

இங்கேயா, பார்சலா

கல்லாவில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பதிலைப் பொறுத்துத் தட்டா, காகிதப் பையா என்பது மாறும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்டிருப்பேன். 1964 வரைக்கும் தென்மாநிலங்களில் பெரும்பாலான கடைகளில் கறுப்பினத்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். அவர்களுக்குப் பார்சல்தான்.

கானா நாட்டின் நிதியமைச்சர் கோம்லா பெடெமாவுக்கே இதுதான் நடந்தது. 1957 அக்டோபரில் டெலவேர் மாநிலத்து டோவர் நகரில் ஹோவர்ட் ஜான்சன் உணவகத்தில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். காசை வாங்கிக்கொண்டார்கள். கொடுத்துவிட்டு, இங்கே உட்கார்ந்து குடிக்கக் கூடாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அப்போதுதான் விடுதலை பெற்ற ஒரு நாட்டின் அமைச்சர் அவர். விஷயம் பத்திரிகையில் வந்ததும் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு சமாளித்தார். அமைச்சருக்கு ஜனாதிபதி வீட்டில் ஒரு நாள் சாப்பாடு கிடைத்தது. அதே கடைக்குப் போன சாதாரணக் கறுப்பினத் தொழிலாளிக்கு அந்தப் பைதான்.

அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஒரு கடை. 220 பேர் உட்காரலாம். 1927ல் தொடங்கிய நாளிலிருந்து கறுப்பினத்தவரை உள்ளே உட்காரவிட்டதில்லை. அவர்களுக்குப் பார்சல் மட்டும். அங்கே வேலை செய்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர்கள். அவர்கள் அந்தக் கடையில் வேலை பார்க்கலாம், சாப்பிட உட்காரக் கூடாது. 1964 ஜூலை 2ஆம் தேதி குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானதும் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். கடை ஒரு வருஷத்தில் வாங்கிய சுமார் ஒன்றரை லட்சம் டாலர் உணவுப்பொருளில் 46 சதவீதம், அதாவது 69,683 டாலர் பெறுமான இறைச்சி, வெளிமாநிலத்திலிருந்து வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சட்டம் செல்லும். மனிதன் அவமானப்பட்டான் என்பதை விட, இறைச்சி எல்லை தாண்டி வந்தது என்பதே வழக்கை ஜெயிக்க வைத்தது.

தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற கடைத்தொடரில் இன்னும் நுணுக்கமான ஏற்பாடு. வெள்ளைக்காரர் காரை நிறுத்திப் பொத்தானை அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத ஊழியரிடம் ஒலிபெருக்கியில் ஆர்டர் சொல்வார், கொண்டுவந்து கொடுப்பார்கள். கறுப்பினத்தவர் சமையலறை ஜன்னலுக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே வாங்கிக்கொண்டு, வளாகத்துக்கு வெளியே போய்த் தின்ன வேண்டும். ஆன் நியூமன் என்ற பெண்மணி வழக்குப் போட்டார். சட்டம் தன் மத நம்பிக்கையைப் புண்படுத்துகிறது என்று முதலாளி மாரிஸ் பெசிஞ்சர் வாதாடினார். 1968ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைப் பொருட்படுத்தத் தகாதது என்று தள்ளியது. மதத்தைச் சொல்லித் தட்டை மறைப்பது நமக்குத் தெரியாததா?

இனி நம் ஊருக்கு வருவோம். கொட்டாங்கச்சியில் ஊற்றிய காலம் ஆயாவுடையது. அப்பா காலத்தில் தகர டம்ளர் வந்தது. கூரை ஓலையில் செருகியிருக்கும், நாமே எடுத்து, குடித்து, கழுவி, செருக வேண்டும். பிற்பாடு பிளாஸ்டிக் கப், காகிதக் கப் வந்தது. "பாத்தியா, டம்ளர் பிரச்சினையே போச்சு" என்று சொன்னவர்கள் உண்டு. பல கிராமங்களில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரர்களுக்கு வீசி எறிகிற கப் என்று அது புது வேஷம் போட்டது. சுத்தம், நாகரிகம், சுகாதாரம் எல்லாம் சேர்ந்துகொண்டதால் கேள்வி கேட்பதும் கஷ்டமாகிப்போனது. பர்மிங்காமின் காகிதப் பையும் நம் டீக்கடையின் காகிதக் கப்பும் ஒரே வேலையைத்தான் செய்தன. காசு உள்ளே வரட்டும், ஆள் வெளியே நிக்கட்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை நாம் அவர்களுக்கு முந்தியவர்கள். எம்.சி. ராஜா முயற்சியில் 1938லேயே சென்னை மாகாணத்தில் பொது இடங்களில் தடை விதிப்பதற்கு எதிரான சட்டம் வந்தது. 1950ல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 சட்டம் உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையே குற்றம் என்றது. டம்ளர் வரைக்கும் எழுதிவிட்டார்கள். அமெரிக்கத் தீர்ப்பு இறைச்சியின் பின்னால் ஒளிந்துகொண்டு மனிதனைக் காப்பாற்றியது. நம் சட்டம் மனிதனை நேராகவே பார்த்துப் பேசியது. ஆனால் அங்கே வழக்கு முடிந்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இங்கே சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது.

1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய ஓட்டல் முன்னால் பெரியார் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கில் கைதானார்கள். பலகை இறங்கியது. அது நடந்திருக்க வேண்டிய போராட்டம்தான். ஆனால் கிராமத்து டீக்கடையில் இறக்குவதற்குப் பலகையே கிடையாது. அங்கே டம்ளர்தான் பலகை. அதை மாட்டியவர்கள் பிராமணர்களும் இல்லை.

எப்படி வேணும்

எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் கஷ்டமானது இந்த மூன்றாவது படிதான். முதலில் பொருளை அழுத்தணும். அப்புறம் அளவு. அப்புறம்தான் மாற்றங்கள். 'இல்லாமல்', 'கூடுதல்', 'கொஞ்சமாக', 'அதுக்குப் பதிலா இது', 'தனியாக', 'வெறும்' என்று தனித்தனிப் பொத்தான்கள். எந்தப் பொருளுக்கு மாற்றமோ அதைத் தேர்ந்தெடுத்த பிறகே மாற்றத்தை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து பர்கருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அழுத்தினது எல்லாம் சமையல் பக்கம் இருக்கிற திரையில் வரும். அங்கே நிற்பவர் முகத்தை ஆர்டர் சொன்னவர் பார்க்கப்போவதில்லை. நாம் அழுத்தும் எழுத்துதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் ஒரே பேச்சு.

பாஷையும் புதுசு. 'ஹோல்டு தி ஆனியன்' என்றால் வெங்காயத்தைப் பிடித்துக்கொள், அதாவது போடாதே. பள்ளிக்கூட இங்கிலீஷில் 'ஹோல்டு' என்றால் வைத்துக்கொள் என்றுதான் படித்திருந்தேன். 'பிளெய்ன்' என்றால் ரொட்டியும் கறியும் மட்டும். 'எவ்ரிதிங்' என்றால் எல்லாம் போட்டு. கடலை, பால், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், அவர்கள் சொன்னால் சமையல் பக்கம் போய் வாயாலும் சொல்லிவிட வேண்டும். அக்கா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அவங்க கேக்கறத கேலியா நினைக்காத. வெங்காயம் வேணாம்னா வேணாம். ஏன்னு கேக்காத."

கேட்ட மாதிரி கொடுப்பது துரித உணவுக் கடையின் இயல்பு இல்லை. மெக்டொனால்டு சகோதரர்களின் 1948 ஏற்பாட்டில் பர்கரில் கெட்சப், கடுகு, வெங்காயம், ஊறுகாய்த் துண்டு எல்லாம் முன்கூட்டியே போட்டிருக்கும். மாற்றிக் கேட்டால் வேகம் குறையும், காத்திருக்க வேண்டும். இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் 1974ல் பர்கர் கிங் கம்பெனி, உன் இஷ்டப்படி வாங்கிக்கொள் என்ற பொருளில் விளம்பரம் செய்து வியாபாரத்தைப் பெருக்கியது. விருப்பத்தைச் சொல்லும் உரிமை விளம்பர வாசகமாக ஆகிவிட்டது. அதற்கு 14 வருஷம் முன்பு அந்த உரிமைக்காக வேறு விதமாக ஒரு காப்பி கேட்டிருந்தார்கள்.

நான் படித்த அதே மாநிலத்தில் நடந்தது அது. டர்ஹாம் நகரில் 1957ல் ராயல் ஐஸ்கிரீம் கடையில் பாதிரியார் டக்ளஸ் மூர் தலைமையில் ஏழு பேர் வெள்ளையர் பக்கத்தில் உட்கார்ந்து கைதானார்கள். அப்புறம் 1960 பிப்ரவரி 1. கிரீன்ஸ்போரோவில் வுல்வொர்த் பல்பொருள் கடை. எசல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்ற நான்கு கல்லூரி மாணவர்கள் முதலில் பற்பசை மாதிரிச் சாமான்கள் வாங்கினார்கள். காசு கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். பரிமாற மறுத்தார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: அந்தக் கல்லாவில் எங்கள் காசு செல்லும், இந்த மேடையில் ஏன் செல்லாது? ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். கல்லாவின் துண்டுக் காகிதத்தையே சாட்சியாக்கினார்கள்.

அந்த மேடைக்குப் பின்னால் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணே அவர்களைத் திட்டினார். எதுக்கு வந்து வம்பு பண்றீங்க என்கிற மாதிரி. இதைப் படித்தபோது எங்கள் தெருப் பெரியவர்கள் ஞாபகம் வந்தது. "ஒரு டீக்கு எதுக்குடா ஊரப் பகைச்சிக்கிறீங்க, நாளைக்கி கழனி வேலைக்கி அவங்ககிட்டத்தான போவணும்" என்பார்கள். அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். கூலியும் குடிசையும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கேட்டு வாங்குவதற்கு என்ன விலை என்று தெரிந்தவர்களின் கணக்கு அது.

மறுநாள் ஆட்கள் கூடினார்கள். சில வாரங்களில் தென்மாநிலங்கள் முழுக்கப் பரவியது. ஐந்து மாசத்துக்கு மேல் போராடிய பிறகு 1960 ஜூலை 25ஆம் தேதி வுல்வொர்த் பணிந்தது. அந்த மேடையில் முதலில் பரிமாறப்பட்ட கறுப்பினத்தவர்கள் யார் தெரியுமா? போராடிய மாணவர்கள் இல்லை. கடையின் சொந்த ஊழியர்கள். ஜெனீவா டிஸ்டேல், சூசி மாரிசன், அனீதா ஜோன்ஸ், சார்லஸ் பெஸ்ட் என்ற நால்வர். நிர்வாகம் சொல்லி, வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு, வாடிக்கையாளராக வந்து உட்கார்ந்தார்கள். ஜெனீவா டிஸ்டேல் முட்டை சாலட் சாண்ட்விச் கேட்டார். தான் பரிமாறிய மேடையில் உட்கார்ந்து தனக்கு வேண்டியதைத் தானே கேட்டார். உடுப்பைக் கழற்றினால்தான் மனுஷியாகக் கேட்க முடியும் என்று இருந்தது அந்த மேடை.

அந்தக் கடையின் கட்டடம் 2010 பிப்ரவரி 1 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நீளமான மேடை, வரிசையாகச் சுழல் நாற்காலிகள். மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆர்டர், அந்தப் பக்கம் ஒரு ஊழியர். என் கல்லாவும் அதே மாதிரிதான்.

வுல்வொர்த் பணிந்ததால் துரித உணவுக் கடைகள் தானாகத் திருந்தவில்லை. 1963ல் அதே கிரீன்ஸ்போரோவிலும், ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பைன் பிளஃப் நகரிலும் மெக்டொனால்டு கடைகளின் முன்னால் போராட்டம் நடந்தது. ஒரே மெனு, ஒரே விலை, ஒரே பர்கர் என்று பெருமையடித்த கடைகள்தான். பர்கர் ஒரே மாதிரி இருந்தது, ஆளைப் பார்ப்பது மட்டும் வேறுவேறு மாதிரி இருந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நிறவெறியையும் சாதியையும் ஒன்றென்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தென்மாநிலத்து வெள்ளைக்காரர் கறுப்பினப் பெண் சமைத்ததை ருசித்துத் தின்றார். அவள் பக்கத்தில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். சாதிக்கு அந்தக் கையே தீட்டு. 2018ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள், மாற்றல் உத்தரவும் போட வைத்தார்கள். போராடிய பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது. அங்கே நாற்காலிக்குச் சண்டை. இங்கே நாற்காலிக்கும் சண்டை, அடுப்புக்கும் சண்டை.

ஆயா தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட "சக்கரை கம்மியா போடுங்க" என்று டீக்கடையில் சொன்னதில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. "ஆண்டே, ஒரு டீ ஊத்துங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. ஊற்றியதை வாங்கிக்கொண்டு வந்தாள். வெங்காயம் வேணாம் என்று எவனாவது என் கல்லாவில் சொல்லும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். அது அற்ப விருப்பம் இல்லை. தன் நாக்குக்குத் தானே அதிகாரி என்று ஒரு மனிதன் சொல்வது அது.

பேரு

நான்காவது படி, ஆர்டருக்குப் பேர் கேட்பது. ஆள் பேரைக் கூப்பிட்டுத்தான் சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு 'சார்', பெண்களுக்கு 'மேம்' என்று சேர்க்கச் சொன்னார் அக்கா. "எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லு, ஆள் பாத்து சொல்லாத" என்றார். ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது பிறகு புரிந்தது.

1963ல் அலபாமாவின் ஒரு நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற போராளியை அரசு வழக்கறிஞர் "மேரி" என்று கூப்பிட்டார். வெள்ளைப் பெண்களை 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிடும் வரை பதில் சொல்ல மாட்டேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் போட்டார்கள். 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பேருக்கு முன்னால் ஒரு சொல் வேண்டும் என்று ஜெயிலுக்குப் போனவர் அவர். எழுபது வயது தாத்தாவைப் பத்து வயதுப் பையன் "டேய்" என்று கூப்பிட்ட ஊரிலிருந்து போன எனக்கு, அந்த வழக்கை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பேர் எனக்கு எதிராகவும் ஒரு நாள் வந்தது. சட்டையில் பேர்ச்சீட்டு குத்தியிருப்போம். குடும்பத்தோடு வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தமிழா? எந்த ஊரும்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். திண்டிவனம் பக்கம் என்றேன். "பக்கம்னா?" ஊர்ப் பேரைச் சொன்னேன். "அங்க எங்க, ஊர்லயா காலனியிலயா?" என்றார். காலனி என்றேன். அதுக்கு மேல் அவர் தமிழில் பேசவில்லை. மீதி ஆர்டரை இங்கிலீஷில் முடித்தார். பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் அவர் ஒரு ஜன்னலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆர்டரைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி இல்லையா? நான் முழுவதையும் தமிழிலேயே திருப்பிச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சரிதானே சார்?" என்று கேட்டேன்.

சாதி அமெரிக்காவில் இல்லை என்று இங்கிருந்து போனவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அதே வருஷம் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் மறுத்துத் திருப்பினார். இல்லாத ஒன்றுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்டவர்கள், அந்தக் கேள்வியை ஒரு தடவை கல்லாவில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

திருப்பிச் சொல்வது, காசு வாங்குவது

ஐந்தாவது படி. வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். "நீ சொன்னது எனக்குக் கேட்டது" என்று உறுதி கொடுப்பது அது. கறுப்பின மக்களும் நாமும் காலகாலமாகக் கேட்டது இந்த உறுதியைத்தான். ஆனால் உறுதி ஒரு பக்கமாகவே போகிறது. எதிரில் நிற்பவருக்கு என்ன வேணும் என்று நாம் கேட்கிறோம். கல்லாவில் நிற்கிறவருக்கு என்ன வேணும் என்று யார் கேட்டார்கள்?

2012 நவம்பர் 29ஆம் தேதி நியூயார்க்கில் சுமார் 200 துரித உணவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மணிக்கு 15 டாலரும் சங்கமும் வேண்டும் என்றார்கள். அப்போது நாட்டின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். 2009ல் வைத்தது. வட கரோலினாவிலும் அதேதான். செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "இத்தன வருஷமா நாம ஆர்டர் எடுத்தோம். இன்னிக்கி நாம ஆர்டர் குடுத்திருக்கோம்." கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரிய துரித உணவுக் கம்பெனிகளில் மணிக்கு 20 டாலர் என்று சட்டமானது. 1968ல் சிகாகோவில் ஹெர்மன் பெட்டி முதல் கறுப்பின மெக்டொனால்டு கடை உரிமையாளர் ஆனார். அதுவும் ஒரு முன்னேற்றம்தான். முதலாளி இடத்தில் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்ததால் கல்லாவில் நின்றவர்களின் கூலி உயர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மில் ஒருவர் கடை வைத்துவிட்டால் போதும் என்று பேசுகிற தோழர்கள் இதை யோசிக்கட்டும்.

1946ல் டாக்டர் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸும் பதில் எழுதினார். அன்றைக்குத் தொடங்கிய அந்தப் பேச்சு பெரிய தலைவர்கள், பெரிய மனுக்கள் என்ற அளவிலேயே நின்றுவிடக் கூடாது. டோவரின் பையையும் நம் காகிதக் கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை நமக்கு இருக்கிறது.

அவர்களிடம் ரசீது இருக்கிறது, நீதிமன்ற ஆவணம் இருக்கிறது, எத்தனை நாற்காலி, எத்தனை டாலர் இறைச்சி என்ற கணக்கு இருக்கிறது. பேர் சொல்லி ஊழியர்களை நினைவு வைத்திருக்கிறார்கள். ஜெனீவா டிஸ்டேல் என்ன சாப்பிட்டார் என்பது வரை பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் முதன்முதலில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் டீ கேட்ட ஆள் யார்? எந்த வருஷம்? அன்றைக்கு என்ன நடந்தது? அடி விழுந்ததா, கூலி நின்றதா, கடையை மூடினார்களா? பெரும்பாலான ஊர்களில் அந்த ஆள் இன்றைக்கு உயிரோடு, ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் யாராவது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். சரிதானா என்று கேளுங்கள். இல்லை என்றால் திருத்துங்கள். நம் வரலாற்றை அப்படித்தான் எழுத முடியும்.